கெட்டிலுக்கு முழு மார்க்

மனித குலத்தின் முன்னேற்றம் அனைத்தும் சனி, ஞாயிறு ஆகிய இரண்டு நாட்களில்தான் நடந்திருக்கிறது. மற்ற நாட்களில் மனிதன் வேலைக்குப் போனான், வந்தான், அவ்வளவே. இந்த மாபெரும் உண்மையைக் கண்டுபிடித்தவர் நம் ஓவியர்.

வாரநாட்களில் அவர் ஓவியர் அல்ல. அடையாள அட்டை அலுவலகத்தில் மூன்றாம் கவுண்டர். எதிரே வந்து உட்காருகிறவரின் முகமும் விண்ணப்பத்தில் ஒட்டியிருக்கும் முகமும் ஒன்றுதானா என்று பார்ப்பது அவர் பொறுப்பு. ஒன்றென்று தெரிந்ததும் புதுப் படம் எடுப்பார். "நேரா பாருங்க. கண்ணாடியைக் கழட்டுங்க. சிரிக்காதீங்க." இந்த மூன்றே வாக்கியங்களால் ஊரில் பாதிப் பேரைச் சோகமாக்கியவர் அவர். அண்ணன் படத்தை ஒட்டிக்கொண்டு வந்த தம்பியை, புருவத்தை வைத்துப் பிடித்திருக்கிறார். மேலதிகாரிகள் அவரை 'கழுகு' என்று அழைத்தார்கள். அவர் அதை மறுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை கவுண்டரை இழுத்து மூடியதும் கழுகு கலைஞராகிவிடும்.

"வாரம் பூரா மூஞ்சியைத்தான் பார்க்கிறேன். சனி ஞாயிறாவது மூஞ்சி இல்லாம இருக்கக் கூடாதா?" என்பார். அதனால் அவருடைய கலையில் முகம் கிடையாது. பொருட்கள் மட்டும்தான். பொருட்கள் விண்ணப்பம் போடுவதில்லை.

சனிக்கிழமை ஓவியம். சமையலறைக்குப் பின்னால் இருக்கும் சிறிய அறை அவருடைய ஸ்டுடியோ. துணி துவைக்கும் இயந்திரமும் அங்கேதான் இருக்கிறது; ஆனால் அது சனிக்கிழமைகளில் ஓடாது. அதிர்வில் கோடு நடுங்கும். காலையில் எழுந்ததும் ஓவியர் சமையலறை மேசையிலிருந்து இரண்டு பொருட்களை எடுத்துக்கொண்டு போவார். ஒன்று, மூக்கு உடைந்த கெட்டில். வரைந்து முடித்ததும் டீ போடுவதற்காக அது உடனே திரும்பிவிடும். மற்றொன்று, மெரூன் நிறத்தில் ஒரு சின்ன நீளப் பெட்டி. இது அவ்வளவு சீக்கிரம் திரும்பாது. அந்தப் பெட்டியின் மூடி வளைகிற இடத்தில் விழும் வெளிச்சம் அவரை ஆட்டிப்படைத்தது. 'மெரூன் இருத்தல்' என்று எட்டுப் படங்கள் வரைந்துவிட்டார். பெட்டி யாருடையது, உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. பயன் தெரிந்தால் வடிவம் செத்துவிடும் என்பது அவர் கொள்கை.

அவர் மனைவி ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சனிக்கிழமைகளில் விடைத்தாள்களைக் கையை முழுசாக நீட்டி, யாரோ பறித்துக்கொண்டு ஓடுவதைப்போலத் தூரமாகப் பிடித்துத் திருத்துவாள். ஏன் என்று ஓவியர் யோசித்ததில்லை. அது பொருளல்ல.

ஞாயிற்றுக்கிழமை சிற்பம். பால்கனியில் களிமண் பிசைவார். அந்த வீட்டில் காற்றுக்கு எந்தக் கதவும் அடித்துக்கொள்வதில்லை. 'தாய்மை' குளியலறைக் கதவுக்கு முட்டுக்கொடுத்தது. 'தனிமை' படுக்கையறைக் கதவுக்கு. ஆடிக்கொண்டிருந்த ஃபிரிட்ஜின் ஒரு காலுக்கு அடியில் 'விடுதலை' இருந்தது. ஓவியரின் கலை மக்களுக்குப் பயன்படவில்லை என்று சொல்லும் விமர்சகர்கள் ஒருமுறை அந்த வீட்டுக்கு வந்து போகவேண்டும்.

ஞாயிறு மாலை கேலரி. அது முன்பு கட்டில், பீரோ விற்கும் கடையாக இருந்தது. கலை வளர்ந்ததில் கட்டில் வெளியேறியது. அங்கே 'வார இறுதிக் கலைஞர் பேரவை' கூடும். ஒருவர் படம் வைத்தால் மற்றவர்கள் வருவார்கள். அடுத்த வாரம் அவர் மற்றவர்களுக்கு வருவார். படத்திலிருந்து பின்னால் தள்ளி நின்று, தலையைத் தோள்பக்கம் சாய்த்து, "ம்ம்" என்று சொல்லவேண்டும். அதற்கு மேல் பேசுகிறவர் ரசனை குறைந்தவராகக் கருதப்படுவார். பிறகு எல்லோரும் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பிஸ்கட் சாப்பிடுவார்கள்.

பேரவையின் தூண்கள் நான்கு பேர். நம் ஓவியர். சதுரங்கள் மட்டும் வரையும் வங்கி மேனேஜர். செங்குத்துக் கோடுகள் மட்டும் போடும் லிஃப்ட் இன்ஜினியர். வாய் திறந்த சிலைகள் மட்டும் செய்யும் பல் டாக்டர்.

இவர்களைக் கட்டி மேய்ப்பவர் கேலரியின் கண்காட்சிகளை நடத்தும் கியூரேட்டர் அம்மையார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பிஸ்கட் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து நின்றார். தட்டு நகர்ந்தால் அறிவிப்பு என்று பொருள்.

"அடுத்த கண்காட்சிக்குத் தலைப்பு, 'அருகில் இருப்பவள்'. ஒவ்வொருத்தரும் உங்க மனைவியைப் படைக்கணும். ஒரே ஒரு நிபந்தனை. பார்த்துப் பண்ணக் கூடாது. நினைவுலேர்ந்து."

"போட்டோ பார்க்கலாமா?" என்றார் மேனேஜர்.

"கூடாது."

"எக்ஸ்ரே?" என்றார் பல் டாக்டர்.

அம்மையார் கொஞ்சம் யோசித்தார். "எக்ஸ்ரே பத்தி விதியில ஒண்ணும் இல்ல" என்றார். பிறகு தொடர்ந்தார். "படத்துக்குக் கீழே பேர் கிடையாது. திறப்பு விழா அன்னிக்கு மனைவிமாரே வந்து, எது தன்னோட படம்னு கண்டுபிடிக்கணும். அதுதான் உச்சகட்டம்."

அந்த அறையில் எந்தப் படத்துக்கும் அப்படியொரு மௌனம் கிடைத்ததில்லை.

லிஃப்ட் இன்ஜினியர் மெல்லக் கேட்டார். "மேடம், ஒருவேளை கண்டுபிடிக்கலேன்னா?"

"அதுவும் ஒரு கலை அனுபவம்தான்."

"உங்களுக்கு அனுபவம். நான் வீட்டுக்குப் போகணுமே!"

ஓவியர் மட்டும் கலங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் கம்பீரமாகச் சொன்னார். "உன்னை வரையப்போறேன்."

மனைவி தோசைக்கரண்டியோ பேனாவோ எதையும் கீழே போடவில்லை. "என்னையா? பார்த்தா?"

"பார்க்காம."

"அதைத்தானே இத்தனை வருஷமா பண்றீங்க!" என்று சிரித்தாள்.

ஓவியர் நினைவாற்றலுக்கும் கலைக்கும் உள்ள உறவைப் பற்றி ஒரு சிறு உரை நிகழ்த்தினார். மனைவி கடைசிவரை கேட்டாள். பிறகு, "சரி, ஒரு பந்தயம்" என்றாள். "அங்க வந்து நான் என்னைக் கண்டுபிடிச்சிட்டா, சனி ஞாயிறு ஆயுசுக்கும் உங்களுது. கடைக்குப் போகணும், குழாய் ஒழுகுது, எங்கக்கா வந்திருக்கா, ஒரு வார்த்தை என் வாயிலேர்ந்து வராது."

"கண்டுபிடிக்கலேன்னா?"

"ரெண்டு நாளும் எனக்கு."

"உனக்கெதுக்கு ரெண்டு நாள்? நீ என்ன பண்ணுவ?"

"அதை ஜெயிச்சப்புறம் சொல்றேன்."

ஓவியர் கைகொடுத்தார். ஊர்பேர் தெரியாதவனைப் புருவத்தில் பிடித்தவர். கட்டிய மனைவியைத் தவறவிடுவாரா?

மறு சனிக்கிழமை புதுத் திரைச்சீலை மாட்டி முட்டை ஒன்று வரைந்தார். மனித முகத்தின் அடிப்படை வடிவம் முட்டை என்று எல்லா ஓவியப் பள்ளிகளும் சொல்கின்றன. அதற்கப்புறம் என்ன என்பதுதான் தகராறு. மூக்கு இருந்தது, அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. எப்படி இருந்தது என்பதில்தான் கருத்துவேறுபாடு. நெற்றியில் ஒரு தழும்பு உண்டு. அல்லது அது வெள்ளிக்கிழமை வந்த ஒரு விண்ணப்பதாரருடையது. கண்களை மூடி நினைத்துப் பார்த்தார். கெட்டில் வந்தது. மேசை விளிம்பு வந்தது. மெரூன் பெட்டி அதன் வளைவு, நிழல் சகிதம் வந்து உட்கார்ந்துகொண்டது. மனைவி வரவில்லை.

விதியைச் சற்றுத் தளர்த்துவது கலைஞனின் பிறப்புரிமை. ஓவியர் எழுந்து, தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையலறைக்குள் எட்டிப்பார்த்தார். மனைவி பாத்திர மூடியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன இது?"

மூடிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "நினைவுலேர்ந்து! விதின்னா விதி."

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு முகம் தலைமறைவானது. காலையில் செய்தித்தாளுக்குப் பின்னால். குளித்து வந்தால் துண்டுக்குப் பின்னால். இரவுச் சாப்பாட்டில் தட்டை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, சாதம் எல்லாம் மடியில் விழ, விழுந்து விழுந்து சிரித்தாள். ஓவியரும் ஒருதரம் சிரித்துவிட்டார். பிறகு தான் ஒரு கலைஞன் என்பது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டார்.

மனைவியின் தம்பி வார இறுதிகளில் அங்கே வந்து சோபாவில் படுத்துக்கிடப்பான். அக்காளோடு ஒரே வீட்டில் வளர்ந்தவன். முதல்தரச் சாட்சி. ஓவியர் அவனைப் பால்கனிக்குக் கூப்பிட்டுப்போய்க் கதவைச் சாத்தினார்.

"மாப்ள, ஒரு விஷயம். உங்கக்கா மூக்கு எப்படி இருக்கும்?"

மச்சான் நன்றாக யோசித்தான். "மூக்கு மாதிரிதான் மாமா இருக்கும்."

"அது தெரியுது. கூரா, சப்பையா?"

"ரெண்டுக்கும் நடுவுல."

"கண்ணு?"

"ரெண்டு."

"டேய்!"

"என்ன மாமா பண்றது? சின்ன வயசுல அவளைப் பார்த்தாலே அடிப்பா. தலையைக் குனிஞ்சேதான் வளர்ந்தேன். கால் வேணும்னா கேளுங்க, அச்சு அசலா சொல்றேன்."

கடைசி முயற்சியாக அலுவலகக் கணினியில் மனைவியின் அட்டைப் படத்தைத் திறந்தார். எடுத்தவர் அவரேதான். படத்தில் ஒரு பெண் நேராகப் பார்த்தாள். சிரிக்கவில்லை. அவள் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். தன் வேலையில் அவர் அவ்வளவு திறமைசாலி.

கண்காட்சி நெருங்கியது. திரைச்சீலையில் முட்டை முட்டையாகவே இருந்தது. கையைப் பிசைந்துகொண்டு ஸ்டுடியோவில் உட்கார்ந்திருந்தவர், டீ கேட்கலாமென்று திரும்பினார். மனைவி அடுப்பை நோக்கி நின்றிருந்தாள். முதுகு, தோள், பின்னல், பக்கத்தில் ஆவி விடும் கெட்டில். இந்தக் காட்சி அவருக்குத் தெரியும்! இதைத்தான் அவர் இத்தனை வருடம், ஒவ்வொரு டீக்கும் கண்டு வந்திருக்கிறார். முகம் எதற்கு? முகத்தை யார் வேண்டுமானாலும் வரைவார்கள். முதுகை வரைய ஆழம் வேண்டும். தவிர, அப்படி மூக்கு உடைந்த கெட்டில் உலகத்தில் ஒன்றுதான். அதைப் பார்த்தால் அவள் தன்னைக் கண்டுபிடித்தே தீரவேண்டும். பந்தயம் அப்போதே அவர் பையில் விழுந்தது.

படம் முடிந்தது. வலது கையில் கெட்டிலைத் தூக்கி ஊற்றும் ஒரு பெண், பின்னாலிருந்து. தலைப்பு, 'ஆவி'.

திறப்பு விழா ஒரு சனிக்கிழமை மாலை. துணியை விலக்கினார்கள். கூட்டம் பின்னால் தள்ளி நின்று தலையைச் சாய்த்தது. ஆனால் யாரும் "ம்ம்" சொல்லவில்லை.

மாட்டியிருந்த மூன்று ஓவியங்களிலும் முதுகுதான்.

ஒருவரோடொருவர் கலந்து பேசாமல், தனித்தனி ஸ்டுடியோவில், தனித்தனி வேதனையில், மூவரும் ஒரே உண்மையை அடைந்திருந்தார்கள். மேனேஜரின் முதுகு சதுரமாக இருந்தது. இன்ஜினியரின் முதுகு செங்குத்தாக இருந்தது. கியூரேட்டர் அம்மையாருக்குக் கண் கலங்கியது. "இது கண்காட்சி இல்ல. இயக்கம்!" என்று கூவினார். அங்கேயே அதற்கு 'முதுகியம்' என்று பெயரும் சூட்டினார்.

மனைவிமார் உள்ளே அழைக்கப்பட்டார்கள்.

மேனேஜரின் மனைவி சதுரத்துக்கு முன்னால் நின்றாள். "ஜன்னல் கர்ட்டன் நம்மளுது. இந்த அம்மா யாருங்க, துணி தைக்கிறவங்களா?"

இன்ஜினியரின் மனைவி தன் படத்தைத் தாண்டிப் போனாள். திரும்பி வந்தாள். "இது நானா, லிஃப்ட்டா?" என்றாள். பிறகு நம் ஓவியரின் படத்துக்கு நகர்ந்தாள். "இதான் நான். இவங்க நிக்கிறதைப் பார்த்தாலே தெரியுது, என்னை மாதிரியே இடுப்பு வலி."

பல் டாக்டரின் சிலை மட்டும் முன்பக்கம் பார்த்திருந்தது. ஆனால் அதில் திறந்த வாயைத் தவிர வேறெதுவும் இல்லை. அவர் மனைவி குனிந்து வாய்க்குள் எட்டிப்பார்த்தாள். "அய்யோ, என் கடவாய்ப் பல்! இதை அடைச்சு விட்டதே இவர்தானே!" டாக்டருக்குக் கைத்தட்டல் கிடைத்தது. மற்ற மூன்று கலைஞர்களும் அவரைப் பொறாமையோடு பார்த்தார்கள். திருமணமான பிறகு மனைவியை நேருக்கு நேர் உற்றுப் பார்த்த ஒரே மனிதர். அதுவும் டார்ச் அடித்து.

நம் ஓவியரின் மனைவி கடைசியாக வந்தாள். கூடவே மச்சான். 'ஆவி'யின் முன் நின்றாள். அவருடைய சனி ஞாயிறுகள் அத்தனையும் அந்தப் பார்வையில் தொங்கின.

"இந்தக் கெட்டிலைத் தெரியும்" என்றாள். "எங்க வீட்டுக் கெட்டில்."

ஓவியர் முகம் மலர்ந்தது.

"மூக்கு உடைஞ்சது, பிடியில கருகினது, எல்லாம் அப்படியே இருக்கு. அருமை. பக்கத்துல நிக்கிறது யாரு?"

"நல்லாப் பாரு" என்றார் ஓவியர், பல்லைக் கடித்துக்கொண்டு.

"நல்லாத்தான் பார்க்கிறேன். இவங்க வலது கையால ஊத்தறாங்க. நான் இடது கைக்காரி."

கூட்டத்தில் சலசலப்பு. மச்சான்தான் முதலில் வாயைத் திறந்தான். "அக்கா, நீ இடது கையா?"

"உன்னை அடிச்சதெல்லாம் எந்தக் கைன்னு நினைச்ச?"

அவன் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, எந்தப் பக்கம் என்று கணக்குப் போட்டான். "ஆமாம் மாமா. இடதுதான்" என்று சாட்சி சொன்னான்.

ஓவியர் கியூரேட்டரிடம் மேல்முறையீடு செய்தார். இடது, வலது என்பதெல்லாம் அரசியல், கலைக்கு அது பொருந்தாது என்று வாதாடினார். அம்மையார் ஒப்புக்கொள்ளும் நிலையில் இருந்தார். ஆனால் டீச்சர் விடவில்லை.

"கெட்டிலுக்கு முழு மார்க் குடுத்துட்டேன். கேள்வி என்னைப் பத்தி. அதுக்கு நீங்க விடை எழுதல."

ஓவியருக்கு ரோஷம் வந்துவிட்டது. "பார்க்காம வரையறது எவ்வளவு கஷ்டம்னு உனக்கென்ன தெரியும்? எங்கே, என்னை வரைஞ்சு காட்டேன் பார்க்கலாம்!"

மனைவி கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தாள். கண்காட்சி அழைப்பிதழைத் திருப்பித் தூணில் வைத்து, கையை நீட்டி எட்ட நின்றுகொண்டு, இடது கையால் வரைந்தாள். கேலரியில் ஒரு பெண் சிவப்பு மையில் வரைவதை இதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. எல்லோரும் எட்டிப்பார்த்தார்கள்.

ஒரு ஸ்டூல். அதில் ஒரு முதுகு. சட்டைக் காலரில் ஒரு பக்கம் உள்ளே மடிந்திருந்தது. உச்சந்தலைச் சுழியில் படியாத ஒரு கொத்து முடி. ஒரு கால் ஸ்டூல் காலைச் சுற்றிக் கொக்கி போட்டிருந்தது. அதன் செருப்பு கழன்று குப்புறக் கிடந்தது.

"மாமா!" என்று கத்தினான் மச்சான்.

"அட, நம்ம ஆளு!" என்றார் பல் டாக்டர்.

"அந்தச் செருப்பை எங்க பார்த்தாலும் சொல்லுவேன்" என்றார் மேனேஜர்.

பிஸ்கட் வாங்கிக்கொண்டு உள்ளே வந்த முன்பின் தெரியாத ஒருவர், படத்தைப் பார்த்துவிட்டு ஓவியரைப் பார்த்தார். "சார், காலர் இன்னும் மடிஞ்சேதான் இருக்கு" என்றார்.

அறை முழுக்கச் சிரித்தது. மற்ற மனைவிமாரும் அழைப்பிதழ்களைத் திருப்பிக்கொண்டு பேனா தேட ஆரம்பித்தார்கள்.

கியூரேட்டர் அம்மையார் தீர்ப்பு வழங்கினார். "சாயல் அப்படியே இருக்கு. அதனால இதைக் கலைன்னு சொல்ல முடியாது." பேரவையின் மானம் அந்த அளவுக்குக் காப்பாற்றப்பட்டது.

ஓவியர் அழைப்பிதழை வாங்கி உற்றுப் பார்த்தார். கடைசியாக ஒரு குறை அகப்பட்டது.

"முகம் எங்கே?" என்றார்.

"நான் பார்த்ததைத்தானே வரைய முடியும்?" என்றாள் மனைவி.



அடுத்த சனிக்கிழமை புது ஆட்சி ஏற்பட்டது. காலையிலேயே ஸ்டுடியோவில் துணி துவைக்கும் இயந்திரம் ஓடியது. வீடே நடுங்கியது. ஃபிரிட்ஜ் மட்டும் அசையவில்லை, 'விடுதலை' தாங்கிக்கொண்டது. ஓவியர் கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் சமையலறை வாசலில் நின்றார்.

"இப்போ நான் என்ன பண்ணணும்?"

"இப்படி வந்து எதிர்ல உட்காருங்க."

உட்கார்ந்தார்.

"நேரா பாருங்க."

அந்த வாக்கியத்தை அவர் ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கிறார். மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்பது இதுவே முதல்தடவை.

"எதுக்கு?"

"எதுக்கும் இல்ல. சும்மா."

"சிரிக்கலாமா?"

"சிரிக்கலாம். இங்க அட்டை எதுவும் குடுக்கல."

இடது கையால் டீ ஊற்றினாள். மூக்கு உடைந்த கெட்டில் வழக்கம்போல மேசையிலும் கொஞ்சம் ஊற்றியது. பிறகு விடைத்தாள் கட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, மெரூன் பெட்டியை எடுத்தாள். ஓவியரின் கண் தன்னையறியாமல் மூடியின் வளைவுக்குப் போனது. வெளிச்சம் அருமையாக விழுந்திருந்தது. மூடி திறந்தது. அவள் உள்ளேயிருந்து ஒரு மூக்குக்கண்ணாடியை எடுத்துப் புடவைத் தலைப்பில் துடைத்து மாட்டிக்கொண்டாள்.

"கண்ணாடியைக் கழ..." என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்த ஓவியர் பாதியில் நின்றார். "கண்ணாடியா? எப்போலேர்ந்து?"

"மூணு வருஷமாச்சு. தினம் போடறேன். சனிக்கிழமை மட்டும் போடறதில்ல."

"ஏன்?"

"அன்னிக்குத்தான் பெட்டியை நீங்க வரைய எடுத்துட்டுப் போயிடறீங்களே!"

விடைத்தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, நிதானமாக முதல் கேள்வியைத் திருத்தத் தொடங்கினாள்.

'மெரூன் இருத்தல்' எட்டுப் படங்களும் கேலரியில் இன்றும் இருக்கின்றன. கலை ஆர்வலர்கள் தவறாமல் போய்ப் பார்க்கவேண்டும். பெட்டியின் வளைவு, மூடியின் பளபளப்பு, ஓரத்தில் தேய்ந்த இடம், எதிலும் ஒரு குறை சொல்ல முடியாது. மூன்று வருடம் வேறு எதையுமே பார்க்காத ஒருவரால்தான் ஒரு பெட்டியை அவ்வளவு நன்றாகப் பார்க்க முடியும்.